தட்டைக் கடல்

மோட்டோ டாக்ஸி நம்மை இறக்கிவிட்டபோது
கடல் இஸ்திரி போட்ட வேட்டிபோல் கிடந்தது.
"நாளைக்கு" என்றான் பலகை வாடகைக்கு விடும் எல்மெர்,
கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.
அவன் கண் நம் முதுகுப்பைகளை
எடை போட்டுக்கொண்டிருந்தது.

தலாராவுக்கு வடக்கே,
பாலைவனம் கடலுக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஊர்.
வீடுகளுக்கு நடுவே எண்ணெய் இறைக்கும் இரும்புக் குதிரைகள்
குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து,
யாரோ சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட்டபடி.
வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் லாரி.
பெலிக்கன்கள் மட்டும்
வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி
வரிசையாய், தாழ்வாய், நேரத்துக்கு.

முதல் நாள் பலகைக்கு மெழுகு தேய்த்தாய்.
மறுநாள் தேய்த்ததைச் சுரண்டிவிட்டு
மறுபடி தேய்த்தாய்.
அப்புறம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

இதற்கு முன் பதினோரு கடற்கரைகள்.
எல்லாவற்றிலும் ஏதாவது வேலை இருந்தது நமக்கு:
ஏறு, விழு, உப்பைத் துப்பு,
ஈரத்தோடு மடித்துப் பையில் திணி, பஸ்ஸைப் பிடி.
இடையில் அலை பேசிக்கொண்டே இருந்தது.
நாம் பேசவில்லை என்பது
அது வாயை மூடிய பிறகுதான் தெரிந்தது.

தொலைந்த நகவெட்டிக்காக ஒரு பகல் முழுக்கச் சண்டை.
சண்டை நகவெட்டியைப் பற்றியது இல்லை என்று
உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ஆனாலும் நகவெட்டியைத்தான் தேடினோம்,
மெத்தையைப் புரட்டிப் போட்டு.

அறை கொடுத்த எர்மெலிந்தாவுக்கு
இந்தக் கடல் பிடித்திருந்தது.
விடியுமுன் போகும் அவள் கணவன் சாந்தோஸ்
மதியம் திரும்புவான்,
படகின் விளிம்பு தண்ணீரைத் தொட, கானாங்கெளுத்தியோடு.
எலுமிச்சையில் ஊறிய மீன்,
பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளி,
ஒரு கைப்பிடி வறுத்த சோளம்.
நான்கு நாளாய்ச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை.
"கடல் நல்லா இருக்கு" என்றாள்.
"கடல் மோசம்" என்றாய் அதே நொடியில்.
இரண்டு பேரும்
ஒரே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்றிரவு மின்சாரம் போனது.
"எனக்கு அலை என்றால் பயம்" என்றாய்.
எப்போதிலிருந்து?
மூன்றாவது ஊரிலிருந்து. பலகை நெற்றியில் அடித்ததே, அன்றிலிருந்து.
எட்டு ஊர்.
எட்டு ஊரிலும் எனக்கு முன்னால் தண்ணீரில் இறங்கியது நீ.
அந்த மெழுகு, அந்தச் சுரண்டல்,
எல்லாவற்றையும் இருட்டில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
உன் நெற்றித் தழும்பை விரலால் தேடினேன்.
நகம் வளர்ந்திருந்தது. கீறிவிட்டது.
நீ சிரித்தாய்,
முதலில் மூக்கால், பிறகு கட்டில் ஆடும்படி.

எத்தனை மணிக்கு வந்ததோ.
முதலில் கதவின் கொண்டி நடுங்கியது.
பிறகு தூரத்தில்
யாரோ சரளைக்கல் லோடு இறக்குகிற சத்தம்,
நிற்காமல்.

காலையில் எல்மெர்
தான் சொன்னது பலித்த சாமியார் போல்
சொந்தப் பலகையோடு ஓடிக்கொண்டிருந்தான்.
துறையில் சிவப்புக் கொடி.
படகுகளைக் கரையேற்றக் கயிறு பிடித்திருந்தார்கள்.
சாந்தோஸ் மட்டும் நின்று
கடலை முழுசாகப் பார்த்துவிட்டு
"நாளைக்கு" என்றான்.
எர்மெலிந்தா காலி மீன்கூடையைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.
நம் பண்டிகை அவர்களுக்குப் பட்டினி நாள்
என்று அப்போதுதான் உறைத்தது எனக்கு.
உறைத்தும், போனேன்.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

குளிர்ந்த நீர். மூன்று முறை விழுந்தேன்.
நான்காவது, தூக்கி நிறுத்தியது என்னை
ஊருக்கே மேலாக:
இரும்புக் குதிரைகள், தண்ணீர் லாரி, சிவப்புக் கொடி,
படகை இழுக்கும் வரிசையில் கடைசி ஆளாய்
முழங்கால் மணலில் புதைய
நீ.

கை அசைத்தேன். உடனே விழுந்தேன்.
நீ அசைக்கவில்லை.
உன் இரண்டு கையிலும் கயிறு இருந்தது.